இத்தா வீட்டில் அரைக் குளிசை

இன்று காலை அரைக் குளிசை நாக்கிலேயே கரைந்துவிட்டது. தண்ணீர்க் கோப்பையை எடுப்பதற்குள் யாரோ ஒரு பெண் ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். முழுக் குளிசை கசக்காது, அதன் மேலே வழுவழுவென்று ஒரு பூச்சு இருக்கிறது. பாதியாக உடைத்தால்தான் உள்ளே இருக்கிற கசப்பெல்லாம் வெளியே வரும். வந்தவள் என் முகம் போன போக்கைப் பார்த்து, துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து, என்னைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் கண்ணால் ஒரு ஜாடை காட்டியிருப்பேன்.

நீங்கள் இருந்த காலத்தில் இந்தக் கசப்பை நான் அறிந்ததில்லை. கோழிக்கூட்டு வாழைப்பழத்தில் ஒரு துண்டை நறுக்கி, அதற்குள் குளிசையைச் செருகி, "ஆ காட்டு புள்ள" என்பீர்கள். ஐம்பது வயதுக்காரிக்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவளுக்கு, ஆ காட்டு. "நான் என்ன கோழிக்குஞ்சா?" என்று ஏசிக்கொண்டேதான் வாயைத் திறப்பேன்.

இந்த மடலை உங்களை எப்படி அழைத்துத் தொடங்குவது என்று தெரியவில்லை. கல்யாணம் முடித்து என் வீட்டுக்கு நீங்கள் குடிவந்த நாளிலிருந்து "இஞ்ச பாருங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். பெயர் சொன்னதேயில்லை. இப்போதும் அதுதான் வருகிறது. இஞ்ச பாருங்க, இரண்டு மாதமாக வெள்ளை உடுத்திக்கொண்டு இந்த அறைக்குள் இருக்கிறேன். உங்களுக்காக இத்தா இருக்கிறேன், கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கிற நாலு மாதம் பத்து நாள். சொல்ல நிறைய இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

இளையவன் பிறந்த மாதத்தைப் பற்றி நாம் இருவரும் அதிகம் கதைத்ததில்லை. பிள்ளை அழுவது எனக்குக் கேட்கும், ஆனால் கை எழும்பாது. அடுத்த வளவில் இருக்கிற என் ராத்தா, என் மூத்த சகோதரி, அவள்தான் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், தொட்டிலில் போட்டாள். பால் கொடுக்க மட்டும் என் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்துவார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். சிலர் பார்வை பட்டிருக்கிறது என்றார்கள், சிலர் சோம்பல் என்றார்கள். நாற்பது நாள் கழிந்தும் நான் எழும்பாததைக் கண்டு ஒருநாள் பஸ்ஸுக்கு லீவு போட்டீர்கள். "இது ஓதிப் பாத்து மட்டும் தீர்ற விசயமில்ல. டொக்டருக்கிட்ட போவம், எழும்பு" என்றீர்கள்.

ஆசுபத்திரியில் அந்தக் கிளினிக் இருக்கிற மூலையை ஊரில் விசர்க் கிளினிக், பைத்தியக்காரர் போகிற இடம், என்றுதான் சொல்வார்கள். நான் வாத்திச்சி, வீட்டில் மூத்தது ஒரு பெண்பிள்ளை. நாளைக்கு அவளைக் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று எனக்குப் பயம். "டொக்டரப் பாக்கிற நேரம் மட்டும் நீ உள்ளுக்கு வா. மிச்சத்த நான் பாக்கன்" என்றீர்கள். நம்பர் எடுக்கவும் குளிசை வாங்கவும் மாதாமாதம் வரிசையில் நின்றது நீங்கள். கல்முனை மட்டக்களப்பு பஸ் டிரைவரை இந்தக் கரையில் யாருக்குத் தெரியாது? கொஞ்ச நாளில் கதை கிளம்பிவிட்டது. டிரைவருக்கு மண்டையில் ஏதோ பிழையாம், கிளினிக்கில் குளிசை எடுக்கிறாராம். முன் சீட்டில் இருந்து பழகியவர்கள் சிலர் பின்னால் போய் இருந்தார்களாம். கேட்டு எனக்கு நெஞ்சு வெடித்தது. போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "விசரன் ஓட்டுற பஸ்ஸில சனம் வாய் காட்டாது புள்ள. கண்டக்டருக்குச் சுகம்" என்றீர்கள்.

கடைசிவரைக்கும் அந்தக் கதையை நீங்கள் மறுக்கவில்லை. உங்கள் ஜனாஸாவுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் உங்களைத்தான் நோயாளி என்று நினைத்துக்கொண்டு துஆ கேட்டார்களோ, தெரியாது.

குளிசை எனக்கு நல்லது செய்தது. அதை நான் மறைக்கமாட்டேன். எழும்பினேன், பிள்ளையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். பிறகு அது சோறு தண்ணீரைப் போல ஆகிவிட்டது. இன்னும் வேண்டுமா என்று நாமும் கேட்கவில்லை, கேட்டுச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமும் இருக்கவில்லை. இருபது வருடத்துக்குக் கிட்ட ஓடிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் குறை. எனக்கு அழுகை நின்றுபோனது. உம்மா மௌத்தானபோது மையித்தின் தலைமாட்டில் காய்ந்த கண்ணோடு இருந்தேன். உள்ளே ஏதோ நெரிகிறது, வெளியே வரவில்லை. "பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, கல் நெஞ்சுக்காரி" என்று பின்னால் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் "நான் கல் நெஞ்சா?" என்று உங்களிடம்தான் கேட்டேன். நீங்கள் தேத்தண்ணீர் போட்டுத் தந்தீர்கள்.

முந்தின வருட நோன்பு நினைவிருக்கிறதா? தலைப்பிறை கண்ட அன்று ராத்தா வந்தாள். "நோன்பு புடிச்சா ஒடம்பு சுத்தமாகிரும் கா. அதோட குளிசையையும் விட்டுத் தள்ளு. ஈமான் உள்ளவளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. விடியுமுன் சஹருக்கு எழும்பி எல்லோரோடும் சாப்பிட்டேன், குளிசையை மட்டும் தொடவில்லை.

சில நாளில் தொடங்கியது. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்தது. நிலம் ஆடியது, வெறும் வயிறு குமட்டியது, படுத்தால் கண்டகண்ட கனவு. வேறு மாதமாக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நோன்பில் அஸர் தொழுகை நேரம் கழிந்தால் ஊரே தலைசுற்றிக்கொண்டுதான் இருக்கும், என்னை யார் கவனிப்பது? எல்லோரும் நோன்புக் களைப்பு என்றார்கள். களைப்பு மாறவில்லை என்றதும் ராத்தா போத்தலில் ஓதின தண்ணீர் கொண்டுவந்தாள். நோன்பு திறந்துவிட்டு இருந்த நீங்கள் கையை நீட்டினீர்கள். "எனக்கும் ஒரு மிடறு தாங்க மதினி, நானும் விசரன் எண்டுதானே பேர்." குடித்துவிட்டு அலுமாரியைத் திறந்து பார்த்து என் பக்கம் திரும்பினீர்கள். "குளிசை அட்டை அப்படியே இரிக்கி. எப்ப இருந்து போடல்ல புள்ள?"

அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனீர்கள். புதிதாக வந்த டொக்டர், தமிழ்ப் பிள்ளை, நம் மகளின் வயதுதான் இருக்கும். நம் கதையை முழுக்கக் கேட்டாள். "பழைய வருத்தம் திரும்பி வரல்ல அம்மா. இத்தின வருசம் குளிசைக்குப் பழகின உடம்பு, ஒரேயடியா நிப்பாட்டினதும் தடுமாறுது. முதல்ல பழைய அளவுக்கே போங்க. எல்லாம் சரிவந்த பிறகு, உங்களுக்கு விருப்பமெண்டா, ஆறுதலா, படிப்படியா இறங்குவம். நோன்புக்கும் மருந்துக்கும் சண்டை இல்ல, திறந்த பிறகு போடலாம்" என்றாள். நீங்கள் உடனே, "பஸ் மாதிரித்தான் டொக்டர். பிறேக்க ஒரேயடியா அமத்தினா பஸ் நிக்கும், சனம் நிக்காது" என்றீர்கள். அவள் சிரித்துவிட்டு, இதை மற்றவர்களுக்கும் சொல்லப்போகிறேன் என்றாள். வீட்டுக்கு வரும்வரைக்கும் அந்தப் பெருமை உங்கள் முகத்தில் இருந்தது.

அவள் சொன்னது விளங்காத விசயமில்லை. கொஞ்சம் குறைக்க வேண்டும், பல வாரம் அப்படியே நிற்க வேண்டும். உடம்பும் மனதும் நேராக இருந்தால் அடுத்த படி. தடுமாறினால் ஒரு படி ஏறி நிற்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாக் குளிசையையும் உடைக்கக் கூடாதாம், இதை உடைக்கலாம் என்றாள். கீழே போகப் போகப் படி இன்னும் சின்னதாக வேண்டுமாம், கடைசிப் பகுதியில்தான் அதிகம் பொறுமை வேண்டுமாம். "வீட்டில ஒராள் கவனிக்க வேணும். மாற்றம் வந்தா அவங்களுக்கே தெரியாது, பக்கத்தில இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும்" என்றபோது நீங்கள் வகுப்பில் கைதூக்குகிறதுபோல் தூக்கினீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீங்கள் என்னைக் கவனித்த விதத்தை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நான் ஏசினால் உங்களுக்கு நிம்மதி. தேத்தண்ணீர்க் கோப்பையை ஜன்னலில் வைத்ததற்கு, வேர்வைச் சட்டையைக் கதிரையில் போட்டதற்கு, மீன்காரனிடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றதற்கு நான் ஏச வேண்டும். ஒருநாள் ஏசாமல் இருந்தால், "என்ன, இண்டைக்குச் சத்தத்தக் காணல்ல? தலை சுத்துதா? நித்திரை வந்ததா?" என்று பின்னாலேயே வருவீர்கள். நான் கண்டுபிடித்தேன், சில நாளில் வேண்டுமென்றே கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டுக் காத்திருந்தீர்கள்.

அரைக்கு வந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வந்தது. வெங்காயம்தான் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்த பிறகும் நிற்கவில்லை. உம்மாவின் கை ஞாபகம் வந்தது, அவள் வெங்காயத்தை நசுக்கித்தான் போடுவாள். நெஞ்சுக்குள் இருந்து ஏதோ அறுந்துகொண்டு வந்தது. நீங்கள் ஓடிவந்து பயந்துபோய் நின்றீர்கள், டொக்டருக்குப் போன் எடுக்கவா என்றீர்கள். "உம்மா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அப்போது உங்கள் முகம் மாறியது. பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, "அழு புள்ள, அழு. அண்டைக்கு வராதது இண்டைக்கு வருது" என்று சொல்லிக்கொண்டு மிச்ச வெங்காயத்தை நீங்கள் உரித்தீர்கள். உங்கள் கண்ணும் கலங்கியிருந்தது.

நீங்கள் போன அந்தக் காலையை எழுத எனக்குக் கை வரவில்லை. என்றாலும் எழுதுகிறேன். வாழைப்பழத் துண்டைத் தந்துவிட்டுப் போன நீங்கள், மறந்துவிட்ட தொப்பியை எடுக்கத் திரும்பி வந்தீர்கள். "தலைய மறக்காமப் போறீங்களே, அது போதும்" என்றேன். நான் உங்களுக்குச் சொன்ன கடைசி வார்த்தை அது. எத்தனையோ நல்ல வார்த்தைகள் இருக்க, அதுதான் வாயில் வந்தது.

வீட்டுக்கு முதலில் வந்தது, உங்களை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற உங்கள் கண்டக்டர்தான். வாசல் படலையடியில் உள்ளே வரத் தெரியாமல் நின்றான். "நானாக்கு நெஞ்சு அடைச்சது மதினி. பஸ்ஸ ஆறுதலா ஓரங்கட்டி, ஹேண்ட் பிறேக்கையும் போட்டுட்டுத்தான் சாஞ்சார். ஒரு சனத்துக்கும் ஒரு கீறல் இல்ல." சொல்லிவிட்டுக் குழந்தையைப் போல் விம்மினான். மஃரிப் தொழுகைக்கு முன்னால் உங்களை அடக்கிவிட்டார்கள். நான் வாசல்வரைக்கும்தான் வந்தேன்.

அழுதேன். அன்றும் அழுதேன், அடுத்த நாளும் அழுதேன், இன்னும் அழுகிறேன். தொழுகைப் பாயில் அழுகிறேன், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அழுகிறேன். இருபது வருடமாக என் கண்ணில் ஈரம் காணாத வீடு பயந்துபோனது. மகள் முழுக் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "உம்மா, வருத்தம் திரும்பிட்டு. வாப்பா குறைச்சதாலதான் இப்படி. முழுசாப் போடுங்க." உங்கள் மேல் அவள் பழி போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் எனக்கே தெரியவில்லை. இந்த அழுகை குளிசை குறைந்ததால் வருகிறதா, நீங்கள் போனதால் வருகிறதா? மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கப்போகிறேனா? இதைப் பார்த்துச் சொல்லக் கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

குளிசையும் முடிந்துகொண்டு வந்தது. கிளினிக் நாள் இத்தாவுக்குள் விழுந்தது. ராத்தா குறுக்கே நின்றாள். "இத்தாவில இரிக்கிற பொம்புளை வாசல் தாண்டுறதா? நாலு மாசம் பத்து நாள் பொறு கா. குளிசை முடிஞ்சா முடியட்டும். எப்படியும் விடத்தானே இருந்த?" அவள் கெட்டதுக்குச் சொல்லவில்லை. எனக்காக இரவு பகல் இந்த வீட்டில் கிடக்கிறவள் அவள்தான். ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. "ஒருக்கா ஒங்கட கதையக் கேட்டு மண்டைக்குள்ள கரண்ட் அடிச்சது போதும் ராத்தா" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. ஒரு பக்கம் முழுசாப் போடு, மறுபக்கம் முழுசா விடு. நீங்கள் படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்த இடத்தில் என்னை நிற்க விட யாரும் இல்லை.

இளையவன்தான் ஒலுவில் கம்பஸிலிருந்து வந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். லுஹர் தொழுதுவிட்டு மௌலவியிடம் கேட்டு வந்தான். "மருந்துக்குப் போறதுக்குத் தடை இல்லையாம் உம்மா. போய், வேலை முடிஞ்சதும் நேரா வரட்டாம். எழும்புங்க." அந்த "எழும்புங்க" கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் குரல் அவனுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

ஓட்டோவில் போனோம். பஸ் ஸ்டாண்டில் உங்கள் பஸ் நின்றது, வேறு ஒருவன் ஏறி இருந்தான். பார்த்துக்கொண்டேதான் போனேன். என் வெள்ளை உடுப்பைக் கண்டதும் டொக்டர் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "அவரா?" என்றாள். ஓம் என்றேன். என்னை இருத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நித்திரை வருகிறதா, சோறு இறங்குகிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. "அது இல்ல டொக்டர். அவர் இல்லாத வீட்டில எப்படி இரிக்கிற எண்டுதான் தெரியல்ல" என்றேன். சிரிப்பு வருகிறதா என்று கேட்டாள். தொப்பிக் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே சிரித்து, சிரிக்கும்போதே அழுதேன்.

"அம்மா, அண்டைக்குச் சுவரப் பாத்துக்கொண்டு கிடந்தீங்களே, அது வேற. இது வேற" என்றாள். "அப்ப ஒண்டும் உங்களத் தொடல்ல. இப்ப எல்லாம் தொடுது. மனிசன் போய் ரெண்டு மாசத்தில நீங்க அழாம இருந்தாத்தான் நான் யோசிப்பன். இதுக்காகக் குளிசையக் கூட்டத் தேவையில்ல. ஆனா இந்த நேரம் குறைக்கவும் வேணாம், நிப்பாட்டவும் வேணாம். இதே அரையில நில்லுங்க. இத்தா முடிஞ்சு மனம் கொஞ்சம் தரிக்கட்டும், பிறகு பாப்பம். நித்திரை முழுக்கப் போனா, சாப்பாடு வெறுத்தா, சாகிற எண்ணம் வந்தா, நாள் பாக்காம வாங்க." பிறகு பேனையைத் திறந்துகொண்டு கேட்டாள். "இனி வீட்டில உங்களக் கவனிக்கிற ஆர்?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் நின்ற இளையவன், "நான் டொக்டர். என்னத்தப் பாக்கணும் எண்டு சொல்லித் தாங்க" என்றான்.

திரும்பும்போது ஓட்டோவில் கேட்டான். "உம்மா, இந்தக் குளிசை எப்ப தொடங்கின?" அவனுக்குச் சொல்ல வேண்டாம், தன்னால்தான் என்று நினைப்பான் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் கவனிக்கப்போகிறவனுக்குத் தெரியாமல் எப்படி? சொன்னேன். நீ பிறந்த மாதத்தில் என்றேன், உன்னால் இல்லை, உன்னைப் பெற்ற உடம்பும் மனமும் நோயில் விழுந்துவிட்டது என்றேன். "ஒங்களுக்கு என்னில கோவமா உம்மா?" "ஓம்" என்றேன். "நேத்து நனைஞ்ச துவாயக் கட்டில்ல போட்டதுக்கு." அவன் சிரித்தான். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். தூக்க எனக்குக் கை எழும்பாத அந்தப் பிள்ளை இப்போது என்னை விட ஒரு முழம் உயரம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "என்னை அழ விடு மக. இது வருத்தம் இல்ல. இது ஒங்கட வாப்பாக்கு." அவள் கையிலிருந்த குளிசையை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் மடியில் விழுந்தாள். அடுப்படியில் ராத்தாவின் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்து உங்களுக்காக அழுதோம்.

முழுக் குளிசையில் இருந்த காலத்தில் நீங்கள் போயிருந்தால், உங்கள் தலைமாட்டிலும் நான் காய்ந்த கண்ணோடு இருந்திருப்பேன். எனக்கு அழுகையை மீட்டுத் தந்தது நீங்கள். அது முதலில் உங்களுக்கே செலவாகும் என்று நமக்கு யார் சொன்னது?

இத்தா முடியும். மனம் தரித்த பிறகு டொக்டர் மறுபடியும் குறைப்பாள், நிற்கச் சொல்வாள், குறைப்பாள். நாள் கணக்கு எனக்கு வேண்டாம். ஒரு காலையில், இன்ஷா அல்லாஹ், ஒன்றும் விழுங்காமல் எழும்புவேன். அன்றைக்கு நீங்கள் இல்லையே என்று அழுவேன். அந்த அழுகையை மகளும் குளிசையின் மேல் போட முடியாது, டொக்டரும் போட முடியாது, நானும் போட முடியாது. அது முழுக்க உங்களுக்கு. அந்த நாளுக்குத்தான், அவசரப்படாமல், வந்துகொண்டிருக்கிறேன்.